"1 நாள் முன்பு": ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் பிரீமியம் சந்தா, நீண்ட நாள் அனுபவம்

"மச்சான், நீ கட்டிக்கிட்டிருந்த அந்த பிரீமியம் இப்போ பாதி விலைக்கு வந்திருக்கு. போடட்டுமா?"

போன மாதம் வேலை போன நண்பனின் கேள்வி. போடு, போடாதே என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியவில்லை. அந்தத் தளத்தின் மேல் நன்றியும் இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகக் கடுப்பும் இருக்கிறது. பெயர் வேண்டாம். ரெஸ்யூம் ஏற்றுவது, அலர்ட் வைப்பது, ஒரே தட்டில் விண்ணப்பிப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

நான் சந்தா கட்டத் தொடங்கியது ஆட்குறைப்பு அலை அடித்த நேரம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது. பெரிய இடங்களே ஆளைக் குறைக்கும்போது சின்ன நிறுவனங்களுக்கும் துணிச்சல் வந்துவிடும். எங்கள் டீமும் கலைந்தது.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். விளம்பரத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் வரும் "1 நாள் முன்பு".

ஒரு விளம்பரத்தை நான் நன்றாகவே அறிவேன். 'மேனேஜர்' என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய் 'மேஞ்சர்' என்று இருக்கும். விண்ணப்பித்தேன், பதில் இல்லை. சில வாரம் கழித்து அதே மேஞ்சர், அதே சம்பள வரம்பு, கீழே "1 நாள் முன்பு". மறுபடி போடும்போது விளம்பரத்துக்குப் புது எண் விழுகிறது போலிருக்கிறது. அதனால் 'நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளீர்கள்' என்ற குறிப்பும் காணாமல் போய்விடுகிறது. எழுத்துப் பிழை மட்டும் இல்லையென்றால் புது வேலை என்றே நம்பி ஒவ்வொரு தடவையும் கவர் லெட்டர் எழுதியிருப்பேன். நண்பனுக்காக நேற்று உள்ளே போய்ப் பார்த்தேன். மேஞ்சர் அப்படியேதான் இருக்கிறார்.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய விளம்பரம் மேலே, பழையது கீழே என்று தளம் அடுக்கும்போது, உண்மையாகவே ஆள் தேடுகிற ரெக்ரூட்டரும் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் மந்த காலத்தில் இன்னொரு வகையும் சேர்ந்துகொள்கிறது. ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருப்பார்கள், விளம்பரத்தை மட்டும் எடுக்க மாட்டார்கள். தடை நீங்கும்போது கையில் ரெஸ்யூம் இருக்கட்டும் என்பது ஒரு கணக்கு, வளர்கிற நிறுவனம் மாதிரி தெரியட்டும் என்பது இன்னொன்று. எது உயிருள்ளது, எது வெறும் பலகை என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. தேதியை ஒழுங்காகக் காட்டினால் பாதியாவது தெரிந்துவிடும். அதைத்தான் மறைக்கிறார்கள்.

2010இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற பீட்டர் டயமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடஸ் மூவரும் ஆராய்ந்தது ஏறக்குறைய இந்தச் சங்கதியைத்தான்: காலியிடமும் இருக்கிறது, வேலையில்லாதவரும் இருக்கிறார், பிறகு ஏன் சேரவில்லை? ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க நேரமும் பணமும் ஆகிறது என்பதே அவர்கள் பதிலின் மையம். அந்தச் செலவைக் குறைக்கத்தானே இந்தத் தளங்கள் வந்தன? விண்ணப்பிக்கிற செலவைக் குறைத்துவிட்டன, சந்தேகமில்லை. படிக்கிற செலவு குறையவில்லை. ஒரே தட்டில் ஆயிரம் பேர் அனுப்பினாலும் அந்தப் பக்கம் படிக்கிறவர் ஒருவரோ இருவரோதான். அதனால் 'எத்தனை வருட அனுபவம்?' என்று ஒரு கட்டம் வைத்து, எண் குறைந்தால் மனிதக் கண் படாமலே கழித்துவிடுகிறார்கள்.

சரி, பிரீமியத்தில் என்ன கிடைத்தது? 'முன்னணி விண்ணப்பதாரர்' என்று ஒரு பட்டை. வேலை போன எல்லாரும் அதே சந்தாவைக் கட்டினால் எல்லாருமே முன்னணிதான். ப்ரொஃபைலை யார் பார்த்தார்கள் என்ற பட்டியல், இது தூக்கத்தைக் கெடுப்பதற்கு மட்டும் உதவும். அப்புறம், வேலையில்லாத மாதங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு எச்சரிக்கை, அதைத் தட்டினால் கட்டண ரெஸ்யூம் சேவை. இதில் ஏமாறவேண்டாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பிப் பார்த்தார்கள். சும்மா இருந்த மாதங்கள் கூடக்கூட அழைப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் வேலைச் சந்தை மந்தமாக இருந்த ஊர்களில் அந்தப் பாதிப்பு குறைவு. எல்லாருக்கும் வேலை போகிற காலத்தில் இடைவெளி அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரிவதில்லை.

உருப்படியானது ஒன்றுதான்: ரெக்ரூட்டருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். "இந்த இடம் இன்னும் காலியா?" என்று ஒரு வரி கேட்பேன். சிலர் "இல்லை" என்று உடனே சொல்லிவிடுவார்கள், ஒரு மாலைப்பொழுது மிச்சம். யோசித்துப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. தேதியைக் குழப்பிச் சந்தேகத்தைக் கிளப்புவதும் தளம், அதைத் தீர்த்துக்கொள்ள நான் காசு கட்டுவதும் அதே தளத்துக்கு.

கட்டணம் ஏன் பாதியானது என்பதும் புரியாத புதிரல்ல. மந்தத்தில் நிறுவனங்கள் விளம்பரச் செலவை வெட்டுகின்றன, அந்த வருமானம் வற்றும்போது தளத்தின் பார்வை வேலை தேடுகிறவனின் பக்கம் திரும்புகிறது. இந்தத் தொழிலில் எல்லாரும் தப்பிக்கவுமில்லை. 1994இல் தொடங்கிய மான்ஸ்டர், 2024இல் கேரியர்பில்டருடன் இணைந்தது, 2025 ஜூனில் இரண்டும் சேர்ந்தே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின.

இனி சந்தோஷமான விஷயம். ரெக்ரூட்டர்கள் ரெஸ்யூம் தேடும் பக்கத்தில், அண்மையில் ப்ரொஃபைலைத் தொட்டவர்களை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி உண்டு. பழைய எச்.ஆர். தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் சுருக்கக் குறிப்பின் கடைசியிலிருக்கும் முற்றுப்புள்ளியை எடுத்துச் சேமிப்பேன், மறுநாள் திரும்ப வைப்பேன். அபத்தம்தான், ஆனால் அழைப்புகள் வரத் தொடங்கின. இப்போது இருக்கிற வேலையும் அப்படித்தான் கிடைத்தது. நான் விண்ணப்பித்த எதிலிருந்தும் இல்லை, அவர்களாகவே தேடி வந்து பேசினார்கள். நேர்காணல் ஒழுங்காக நடந்தது, சொன்ன சம்பளத்தையே கொடுத்தார்கள். இந்தத் தளம் இல்லையென்றால் அந்த நிறுவனம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இந்த முற்றுப்புள்ளி வித்தைக்குப் பிரீமியமும் தேவையில்லை, இலவசக் கணக்கே போதும்.

மதிப்பெண்: 5க்கு 2. வேலை வாங்கிக் கொடுத்ததற்கு இவ்வளவுதானா என்றால், ஆமாம், இவ்வளவுதான். நேற்று அந்த மேஞ்சரைப் பார்க்காமல் இருந்திருந்தால் 4 போட்டிருப்பேனோ என்னவோ.

மச்சான், உனக்கு: முதலில் இலவசக் கணக்கில் முற்றுப்புள்ளியோடு ஆரம்பி. கேள்வி கேட்க வேண்டிய விளம்பரங்கள் நிறையச் சேர்ந்தால், பாதி விலையில் ஒரே ஒரு மாதம் போடு. போட்ட அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடு. அந்தப் பொத்தான் 'கட்டணம்' பகுதியில் இருக்காது, 'அறிவிப்புகள்' பகுதிக்குள் கடைசி வரை இறங்கினால் சாம்பல் நிறத்தில் இருக்கும்.