நீலப் பிளாஸ்டிக் பெட்டியா, நான்கு அங்குல எஃகுப் பெட்டியா?

அமெரிக்காவில் மரச்சட்ட வீட்டின் அடித்தளத்தை (பேஸ்மென்டை) அறைகளாகப் பிரித்து வயரிங் செய்யப் புறப்படுகிறவர், கடையில் பெட்டி வரிசையின் முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். ஒரு சுவிட்ச் பொருத்தும் நீலப் பிளாஸ்டிக் பெட்டி ஒரு பக்கம், நான்கு அங்குலச் சதுர எஃகுப் பெட்டி இன்னொரு பக்கம். எங்கள் வீட்டு அடித்தளத்தில் சுவிட்சுகளுக்கெல்லாம் நான் எஃகையே வைத்தேன். இனியும் அதையே வைப்பேன். உறுதிக்காக அல்ல, உள்ளே கிடைக்கும் இடத்துக்காக.

விலையிலும் வேகத்திலும் பிளாஸ்டிக்தான் முந்தும். கூடவே வரும் ஆணிகளைச் சட்டத்தில் அறைந்தால் வேலை முடிந்தது. ஒற்றைப் பெட்டியாக இருந்து, கேபிளை எட்டு அங்குலத்துக்குள் ஸ்டேப்பிள் அடித்துவிட்டால் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப்கூட வேண்டாம். எஃகுக்கோ கேபிளுக்கு ஒரு கனெக்டர், எர்த்துக்கு ஒரு திருகு, சுவிட்சைத் தாங்க பெட்டியின் முகப்பில் மாட்டும் மட் ரிங் என்ற வளையம் ஒன்று என்று செலவும் நேரமும் கூடும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

விவாதம், ஒரு பெட்டிக்குள் எவ்வளவு அடைக்கலாம் என்ற கணக்கில்தான் இருக்கிறது. தேசிய மின்விதித் தொகுப்பின் 314.16ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளியிலிருந்து வந்து பெட்டிக்குள் முடியும் வயர் ஒவ்வொன்றும் ஒன்று. எர்த் வயர்கள் நான்கு வரை எல்லாம் சேர்ந்து ஒன்று. உள்ளே கிளாம்ப்கள் இருந்தால் அவையும் சேர்ந்து ஒன்று. சுவிட்சோ பிளக் பாயிண்டோ இரண்டு. பெட்டிக்குள்ளேயே தொடங்கி முடியும் துண்டு வயரும், வயர் முனைகளைச் சேர்த்து முறுக்கும் தொப்பியான வயர் நட்டும் கணக்கில் வராது. இந்த எண்ணிக்கையை வயரின் பருமனுக்குரிய அளவால் பெருக்க வேண்டும்: 14 கேஜுக்கு 2 கன அங்குலம், 12 கேஜுக்கு 2.25, 10 கேஜுக்கு 2.5.

வீடுகளில் அடிக்கடி வரும் ஒரு சுவிட்சை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் கொண்டுவரும் 12/2 கேபிள் (12 கேஜில் இரண்டு வயர், கூடவே எர்த்; 12/3 என்றால் மூன்று வயர்) ஒன்று, அடுத்த அறைக்குப் போகும் 12/2 ஒன்று, விளக்கோடு கூடிய மின்விசிறிக்கு ஏறும் 12/3 ஒன்று. வயர்கள் ஏழு, எர்த் ஒன்று, சுவிட்ச் இரண்டு, ஆகப் பத்து. பெருக்கினால் 22.5 கன அங்குலம். 18 கன அங்குலப் பிளாஸ்டிக் பெட்டி இங்கே உதவாது. அதில் எட்டுதான் அடங்கும். ஆழமான 22.5 பெட்டி துல்லியமாக நிறைகிறது. விதி அதை அனுமதிக்கிறது.

ஆனால் விதி எண்ணுவது வேறு, கை உணர்வது வேறு. சாதாரண சுவிட்சுக்கும் இரண்டு, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும், முதுகு தடித்த ஸ்மார்ட் டிம்மருக்கும் இரண்டு என்றுதான் விதி எண்ணுகிறது. ஒவ்வொரு வயரிலும் ஆறு அங்குலமாவது இணைப்புக்காக விட்டிருக்க வேண்டும். அத்தனையும் மடிந்து டிம்மருக்குப் பின்னால் போக வேண்டும். நெரித்துத் தள்ளினால் வயர் நட் தளரும், உறை கீறும், தளர்ந்த இணைப்பு சூடேறும். இந்தக் கணக்கு இருப்பதே அதைத் தவிர்க்கத்தான். எல்லையைத் தொட்டு நிற்கும் பெட்டியை எனக்குப் பிடிக்காததும் அதனால்தான்.

எஃகின் பக்கம் என்னைச் சாய்த்தது பின்னால் வரும் வேலை. ஓராண்டு கழித்து அதே சுவிட்சிலிருந்து இன்னொரு விளக்குக்கு 12/2 இழுக்க நேர்கிறது என்று வையுங்கள். எண்ணிக்கை பன்னிரண்டாகும், தேவை 27 கன அங்குலம். எர்த் நான்காகும், அப்போதும் கணக்கில் ஒன்றுதான். 22.5 பெட்டியில் இதற்கு வழியில்லை. சட்டத்தை மூடியிருக்கும் சுவர்ப்பலகையான டிரைவாலை வெட்டி, ஆணி அறைந்த பெட்டியைப் பிடுங்கி, சுவரைப் பூசி வண்ணம் அடிக்க வேண்டும். இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த, அதாவது 2⅛ அங்குல ஆழமுள்ள எஃகுப் பெட்டியின் கொள்ளளவு 30.3. அதில் 12 கேஜ் கணக்கில் பதின்மூன்று அடங்கும். மட் ரிங்கின் மேல் கொள்ளளவு பொறித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளலாம். சுவரைத் தொடவே வேண்டாம். விதித் தொகுப்பின் 2011 பதிப்பிலிருந்து பெரும்பாலான சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரலும் வந்தாக வேண்டும் என்பதால், வயர்கள் கூடுமே தவிரக் குறையப்போவதில்லை.

வாங்கும்போது ஆழத்தைப் பார்த்து வாங்குங்கள். முன்னாலிருந்து பார்த்தால் அதே போலத் தெரியும் 1½ அங்குல எஃகுப் பெட்டியில் 21 கன அங்குலம்தான். அதில் 12 கேஜுக்கு ஒன்பதுதான் அடங்கும். ஆழமான பிளாஸ்டிக்கை விட அது மோசம்.

எல்லா இடத்திலும் எஃகு வேண்டும் என்று சொல்லமாட்டேன். வரிசையின் கடைசியில் ஒரே ஒரு 14/2 கேபிளோடு நிற்கும் பிளக் பாயிண்டுக்கு 10 கன அங்குலம் போதும். நடுவில் நிற்பதற்கு 14. அங்கெல்லாம் 18 பிளாஸ்டிக்கையே வைத்தேன். இரண்டு மூன்று சுவிட்சுகள் சேர்ந்து நிற்கும் அகலப் பெட்டிகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே என் சாய்வை அப்படியே ஏற்க வேண்டாம். சிகாகோ போல உலோகக் குழாய்க்குள்தான் வயர் ஓட வேண்டும் என்ற ஊர்களில் இந்தக் கேள்வியே எழாது. விதித் தொகுப்பின் எந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். டிரைவாலை மூடுவதற்கு முன் உள்ளூர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பெட்டியின் கொள்ளளவை அதன் உட்புறத்திலேயே பொறித்திருப்பார்கள். வழக்கமான அளவு எஃகுப் பெட்டிகளில் அது இல்லாமலும் இருக்கலாம், 314.16இன் அட்டவணையில் நீளம், அகலம், ஆழம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.