19,500 ரூபாவுக்கு ஒரு கைகர் எண்ணி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அணுக்கள் தாமாக உடைந்து கதிர் வீசும் கதிர்த்தொழிற்பாடு வந்தால் பலகையில் அல்பா, பீற்றா, காமா என்ற மூன்று வகைக் கதிருக்கும் அம்புக்குறி போட்டுவிட்டுக் கடந்துபோவதுதான் வழக்கம். இந்தமுறை கருவியைக் காட்டியே படிப்பிப்போம் என்று இணையத்தில், கதிர்களை எண்ணிக் காட்டும் கைகர் எண்ணி ஒன்று எடுப்பித்தேன். ஐந்து கிழமையில் வந்தது. கைக்கு அடக்கமான மஞ்சள் பெட்டி. உள்ளே சுண்டுவிரலை விட மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று.

முதலில் வீட்டு விறாந்தையில் வைத்தேன். நிமிடத்துக்கு 19 தடவை சத்தம், பிறகு 26, பிறகு 17. பழுதான சாமானோ என்று நினைக்க வேண்டாம், அணுக்கள் நேரசூசி பார்த்து உடைவதில்லை. பத்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுத்தால் 21க்குப் பக்கத்தில் நிற்கிறது. மண், சுவர், வானத்திலிருந்து வரும் அண்டக்கதிர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

அம்மாவின் தகரப் பெட்டிக்குள் பழைய பெற்றோமக்ஸ் மென்டில் (விளக்கில் கட்டி எரிக்கும் வலைப்பை) பக்கற் ஒன்று கிடந்தது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோமக்ஸ் கொளுத்த ஆருக்கு வசதி? ஜாம் போத்தல் விளக்குத்தான். அதனால் பக்கற் உடைக்காமலே இருந்தது. கிட்டக் கொண்டுபோனதும் கருவி பொரியத் தொடங்கியது, கடலை வறுக்கிற சத்தம். நிமிடத்துக்கு 340. காரணம் கதிர் வீசும் தோரியம் என்ற உலோகம், யுரேனியம் அல்ல. அந்தக் கால மென்டிலில் பளிச்சென்ற வெளிச்சத்துக்காகச் சேர்ப்பார்கள். தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமத்தை 1904இல் இலங்கையில் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. கலை பற்றி எழுதியவர் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

சரி, யுரேனியம்? லண்டன் அக்கா கொண்டுவந்த பழைய பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தது. காசுத்தாள் பார்க்கிற ஊதா ரோச் வெளிச்சத்தில் பாசிப்பச்சையாக ஒளிர்கிறது. முன்பு நிறத்துக்காக யுரேனியம் கலந்தே கண்ணாடி வார்த்தார்கள். எண்ணிக்கை 58.

இங்கேதான் என் மனக்குறை. விற்பனைப் பக்கத்தில் அல்பாவும் பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். பிடிக்காது. அல்பா ஒரு கடதாசியையே தாண்டாது, கண்ணாடிக் குழாய்க்குள் எப்படிப் போகும்? அதற்கு மைக்கா யன்னல் வைத்த குழாய் வேண்டும், விலையும் கூட. யுரேனியம்-238 வெளிவிடுவது அல்பா. அது தோரியம்-234 ஆகி, பிறகு புரொட்டாக்டினியம்-234 ஆகிறது. அந்தப் புரொட்டாக்டினியம் விடுகிற வலுவான பீற்றாதான் என் பெட்டியில் சத்தம் போடுகிறது. தாயைப் பார்க்கப் போய்ப் பேரப்பிள்ளையோடு கதைத்துவிட்டு வந்த மாதிரி. தாய்க்கு அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அணுக்கள் உடைய எடுக்கும் காலம், 447 கோடி வருடம், அந்தப் பேரப்பிள்ளைக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும். இதை வகுப்பில் சொன்னபோது கொப்பியை மூடிவைத்த பெடியனும் நிமிர்ந்து பார்த்தான்.

திரையில் வரும் மைக்ரோசீவேட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு) எண்ணையும் பெரிதாக நம்ப வேண்டாம். இப்படியான கருவிகளைப் பெரும்பாலும் சீசியம்-137 என்ற கதிர் மூலத்தை வைத்துத்தான் அளவுதிருத்துவார்கள். வேறு மூலத்துக்கு அந்தக் கணக்கு சரிவராது. எண்ணிக்கையை மட்டும் எடுங்கள்.

"சேர், கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் இது காட்டுமோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்த அணுமின் நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அங்கே எரிபொருள் யுரேனியம்தான், ஆனால் இயற்கையில் 0.72 வீதம் மட்டுமே இருக்கும் யுரேனியம்-235ஐச் சில வீதத்துக்கு உயர்த்தியது. உலைக்குள் ஏற்றுமுன் அந்த வில்லையைக் கையுறை போட்டுத் தூக்கலாம். உள்ளே பிளவுபட்டு வெளியே எடுத்த பிறகு கிட்டப் போகவே முடியாது. இங்கே காற்றில் மெல்லிய மாற்றம் வந்தால் 17க்கும் 26க்கும் இடையில் ஆடுகிற என் பெட்டி அதைப் பிரித்துச் சொல்லாது. அந்த நோக்கத்தில் வாங்குவது வீண்காசு.

வகுப்புக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். கேள்வி கேட்ட பிள்ளையே சனி ஞாயிறு கொண்டுபோய், தகப்பனின் வெங்காயத் தோட்டத்துப் பொட்டாஷ் பசளைச் சாக்கில் வைத்து 49 என்று எழுதிவந்தாள். பசளையில் உள்ள பொட்டாசியம்-40தான் காரணம், அதுவும் கதிர் வீசும்.

இரவில் இந்தக் கடகட சத்தம் வீட்டாரை எழுப்பும். நிறுத்துவதற்குக் கையேட்டில் வழி சொல்லவில்லை. இடப்பக்கப் பொத்தானை மூன்று செக்கன் அமத்திப் பிடியுங்கள்.