சோளகம் பார்த்த அறை

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற ஆடி மாதத்தில் யாழ்ப்பாணம் போய் விடுதியில் நிற்கப் போகிறவர்கள், ஏசி இருக்கா வைபை இருக்கா என்று விசாரிப்பதற்கு முன், யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் பிறந்தது மயிலிட்டியில், காற்றின் பெயர் சொல்லாமல் தோணி இறக்காத ஆட்களுக்கு நடுவில். இப்போது இருப்பது நோர்வேயின் வடக்கே பூடோவில். அதுவும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டிய ஒரு துறைமுகம்தான். இரண்டு ஊர்க் காற்றையும் தின்று வளர்ந்தவன், ‘கடல் தெரியும் அறை’ என்ற மூன்று சொல்லில் விழுந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் இரவு ஏறிய பஸ் விடிய நாலேமுக்காலுக்கே யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. இந்த இரவு பஸ்களில் ஓடினவர்களுக்கெல்லாம் இது தெரியும், ஆனால் யாரும் அதைக் கணக்கில் எடுத்து அறை பதிவதில்லை. விடுதியில் அறை கிடைப்பது பின்னேரம் இரண்டு மணிக்கு. பண்ணைப் பக்கம் ஓட்டோவில் போய் இறங்கினால் கேற்றுக்குச் சங்கிலி. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு காவற்காரர் எழும்பி வந்தார்.

“புக்கிங் ரண்டு மணிக்கெல்லோ ஐயா?”

“ஓம், பஸ் வெள்ளண வந்திட்டுது.”

“அது ஒவ்வொரு நாளும் வெள்ளணத்தான் வாறது. வந்து கதிரையில இருங்கோ, பெடியன் எழும்பட்டும்.”

கொஞ்ச நேரத்தில் பனங்கட்டித் துண்டோடு ஒரு பிளேன்ரீ வந்தது. ஆறு மணிக்குப் பெடியன் வந்தான். முகப்பில் இருப்பவன், பெட்டி தூக்குபவன், வைபை பார்ப்பவன், முதலாளி இல்லாத நேரத்தில் மனேச்சர், எல்லாம் அவன் ஒருவன்தான். வெறுமையாய்க் கிடந்த ஒரு அறையைத் திறந்து, “குளிச்சிட்டு இதில படுங்கோ, உங்கட ரூம் பிறகு” என்றான். அதற்குக் காசு கேட்கவில்லை. ஒஸ்லோவில் இதே நிலைமைக்கு ஒருமுறை அரைநாள் வாடகை கட்டியிருக்கிறேன்.

ஏன் விடுதி என்று கேட்பீர்கள். கோண்டாவிலில் இருக்கிற சின்னம்மாவும் அதைத்தான் கேட்டா. “லொட்ஜிலயோ? ஏன், எங்கட வீடென்ன இடிஞ்சே போச்சு? ஆக்கள் என்ன நினைப்பினம்?” சின்னம்மா வீட்டில் குளியலறை ஒன்று, பேரப்பிள்ளைகள் மூன்று. நான் போனால் அவர்களில் ஒருவர் விறாந்தையில் படுக்கவேண்டி வரும், யார் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். எங்கள் சொந்த வீடோ, 1990 ஆனியில் அம்மா பூட்டிவிட்டு ஓடிய வீடு. மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு 2017இல் விட்டது. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டும் ஒரு சுவரும் மிச்சம். அதனால் சின்னம்மாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தேன். மத்தியானச் சாப்பாடு அங்கே, படுக்கை இங்கே. அவ அரைமனதோடு ஒப்புக்கொண்டா. ஆனால் அயலுக்கு “அவர் ஒரு அலுவலா ரவுணில நிக்கிறார்” என்றுதான் சொல்லியிருக்கிறா.

விலைக் கதை தனிக்கதை. இணையத்தில் பார்த்தபோது ஒரு இரவுக்கு முப்பது டொலர். போனில் கேட்டபோது 6,500 ரூபா. போன் விலையை நம்பிப் போனேன். பெடியன் பாஸ்போட்டைக் கொப்பி எடுக்க வாங்கி, சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணை, போனில நீங்கள் ஊர் ஆள் மாதிரிக் கதைச்சியள்.”

“ஊர் ஆள்தான் தம்பி.”

“பாஸ்போட் அப்பிடிச் சொல்லேல்லையே.”

அவனைப் பிழை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு வேறு விலை என்று முதலாளி எழுதி ஒட்டியிருக்கிறார். கடைசியில் 7,500க்கு வந்தோம், முன்பக்க அறை என்றால் ஆயிரம் கூட. முன்பக்கத்திலிருந்து கடல்நீரேரியும், தள்ளிக் கோட்டை மதிலும், பண்ணைப் பாலத்தில் தீவுகளுக்குப் போகிற பஸ்களும் தெரியும் என்றான். எல்லாம் உண்மை. தெரிந்தது. திறப்பைத் தந்தான். கைமுட்டியளவு மரக்கட்டையில் 204 என்று சிவப்பால் எழுதிக் கோர்த்திருந்தார்கள். “ஆக்கள் மறந்து கொண்டு போறதால இப்பிடிக் கட்டினது” என்றான்.

அன்றிரவு பத்து மணிக்குத் தொடங்கியது. முதலில் யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கியது. அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் நுழையாத இடைவெளி. அதற்குள்ளால் காற்று புகுந்து கூவத் தொடங்கியது. சின்ன வயதில் பட்டத்தை இரவிரவாகப் பனையில் கட்டிவிட்டு, அதில் பூட்டிய விண் நார் கூவுவதைக் கேட்டுக்கொண்டே படுப்போம். அதே சத்தம், ஆனால் கட்டிலுக்கு நேரே. காற்று ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் முனகும். நடுவில் குளியலறைக் கதவு தானாக அடிபட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் தலையணை, மேசை, திறந்து வைத்த பெட்டி எல்லாவற்றிலும் மெல்லிய செம்புழுதி. யன்னல் இரும்பைத் தொட்டு நக்கினால் உப்பு. (நக்கினேன். ஊர்ப்பழக்கம்.)

நான் பிழைவிட்ட இடம் இதுதான். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று நாலு காற்றும் ஐயா சொல்லித் தந்தவைதான். ஆனால் மயிலிட்டி வடகரை. அங்கே எதிரி மாரியில் வடக்கிலிருந்து வருகிற வாடை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கிற சோளகம் தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வந்து எங்களுக்கு முதுகில்தான் படும். கடல் குளம்போலக் கிடக்கும், தொழில் நல்லாய் ஓடும். சோளகம் என்றால் எனக்கு நல்ல காற்று என்றே மனதில் பதிந்திருக்கிறது. யாழ்ப்பாண நகரமோ தெற்குப் பார்த்து நீரேரிக் கரையில் இருக்கிறது. அதே காற்று இங்கே நேரே முகத்தில் அறையும். பதினெட்டு மைல் கூட இல்லாத இடத்தில் காற்றின் குணம் மாறிவிடும் என்பது ஐம்பத்தெட்டு வயதில், கூடுதலாக ஆயிரம் ரூபா கட்டித்தான் எனக்கு விளங்கியது.

காலையில் பெடியனிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. “முன்பக்கம் மாரியில நல்லாயிருக்கும் அண்ணை. இப்ப எல்லாரும் ஒரு ராவோட மாறிடுவினம்.” அப்படியானால் ஏன் முதலில் சொல்லவில்லை? “கடல் தெரியிற ரூம் வேணுமெண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்.” பின்பக்கம் 204க்குப் பதில் 209 தந்தான். கிணற்றடியும், பக்கத்து வளவின் முருங்கையும், காயப்போட்ட பெற்சீற்றும்தான் காட்சி. மூன்று இரவும் அடித்துப் போட்டதுபோல நித்திரை.

மற்றச் சேவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுடுதண்ணி என்று விளம்பரத்தில் இருந்தது. சுவிச் இருந்தது, லைற் எரிந்தது, தண்ணி சுடவில்லை. ஆனால் மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி இருப்பதால் பின்னேரம் குளிர்தண்ணிப் பைப்பிலேயே கொதிதண்ணி வரும். அதற்கேற்ப குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். குழாய்த் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரம் நுரைக்காது, அறையில் வைத்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படை. குடிக்கப் போத்தல் தண்ணி வாங்குங்கள். சில சொக்கற்றுகள் வட்ட ஊசிக்கு, சில சதுர ஊசிக்கு. நோர்வே பிளக் இரண்டிலும் நிற்காது, பஸ் ஸ்ராண்ட் பக்கம் எந்தச் சாமான் கடையிலும் அடப்டர் வாங்கலாம். வைபை முகப்பில் மட்டும், அதுவும் பெடியன் படம் பார்க்காத நேரம். நுளம்புத்திரி கேட்காமலே தந்தார்கள். நுளம்பும் அப்படியே.

சாப்பாட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். காலை உணவு இலவசம். முதல் நாள் வந்தது சுட்ட பாண், ஜாம், மஞ்சள் பட்டர், ஒரு முட்டைப் பொரியல், கதலி வாழைப்பழம். குசினிப் பக்கம் கை கழுவப் போனால் அங்கே சமையல் அக்காவும் பெடியனும் குழல்பிட்டும் முதல்நாள் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மணம் மூக்கைத் துளைத்தது.

“அக்கா, இதைத் தந்தால் என்ன?”

“அது எங்கட சாப்பாடு தம்பி. வெளிநாட்டு ஆக்களுக்கு வயித்துக்கு ஒத்துவராதெண்டு முதலாளி சொன்னவர்.”

“நானும் மயிலிட்டி அக்கா.”

அவ ஒரு வினாடி என்னைப் பார்த்தா. “மயிலிட்டியெண்டால் எந்தப் பக்கம்?” என்று தொடங்கி, கோயில், வாசிகசாலை, யார் வீட்டுக்கு யார் என்று அரைமணித்தியாலம் போனது. அடுத்த நாளிலிருந்து என் மேசைக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. ஜாம் போத்தலும் கூடவே வந்தது, முதலாளிக்குக் கணக்குக் காட்ட.

அந்த மேசையில் இன்னொரு குடும்பமும் இருந்தது, கும்பகோணத்துக்காரர். நாகபட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தவர்கள். அந்தச் சேவை 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. இந்த விடுதிகளுக்கு அதனால் புது வாடிக்கை. கும்பகோணத்தவர் பெடியனிடம் கேட்டார்: “தம்பி, சாம்பார் கிடைக்குமா?”

“சாம்பார் இல்லை ஐயா. சொதி இருக்கு.”

“சொதின்னா?”

பெடியன் என்னைப் பார்த்தான். நான் விளக்கப் போய், தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், மஞ்சள், தேசிக்காய்ப்புளி என்று அடுக்கினேன். அவர் மனைவி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா, ஊத்துங்க” என்றா. பிறகு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டா. அவர்களுக்கு ‘பாண்’ என்பதும் ‘ஓம்’ என்பதும் பெரிய புதினம். பிள்ளைகள் நாள்முழுக்க ‘ஓம், ஓம்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆடிப்பிறப்பு. எனக்கு நினைவே இல்லை. காலையில் அக்கா ஒரு பெரிய சட்டியோடு வந்து, அங்கே நின்ற எல்லாருக்கும் கூழ் வார்த்தா. வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப்பால். இரண்டு ஜெர்மன்காரப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பலா இலையைக் கோலிக் குடிக்கக் காட்டிக்கொடுத்தா. அவர்கள் முழங்கை வழியே ஒழுகவிட்டுக் குடித்தார்கள். விடுதியின் விளம்பரப் பட்டியலில் இது எங்கும் இல்லை, முதலாளிக்குத் தெரியுமோ என்பதும் சந்தேகம். அன்று பின்னேரம் மயிலிட்டிக்குப் போனேன். ஐயா சொன்னதுபோலவே காற்று முதுகில், கடல் குளமாய். சுவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இருட்ட முன் பஸ் பிடித்து வந்தேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கொடியேறினால் தேர், தீர்த்தம் வரை இருபத்தைந்து நாளும் இதே அறை இரட்டிப்பு விலை என்று பெடியனே சொன்னான். அப்போதும் சோளகம்தான் அடிக்கும்.

ஐந்தாம் நாள் கணக்கு. முதல் இரவுக்கு 8,500, மிச்சம் மூன்றுக்கும் 7,500 என்று மனதில் கூட்டி வைத்திருந்தேன். துண்டில் நாலு இரவுக்கும் 7,500, மொத்தம் 30,000, அதோடு பத்துவீதச் சேவைக் கட்டணம் 3,000. அந்த ஆயிரம் எங்கே என்று கேட்டேன்.

“காத்துக்குக் காசெடுக்கேலாது அண்ணை” என்றான்.

சேவைக் கட்டணம் அவனுக்கும் அக்காவுக்கும் போகிறதா என்று கேட்டதற்குச் சிரித்தான். ஆகவே அக்காவுக்குக் குசினிக்குள்ளும், காவற்காரருக்குக் கேற்றடியிலும் கையில் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பஸ் கொடிகாமம் தாண்டும்போது போன் அடித்தது.

“அண்ணை, 209 திறப்பு உங்களிட்டயோ?”

காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கைமுட்டியளவு கட்டை. இவ்வளவு நேரம் அதன்மேல்தான் இருந்திருக்கிறேன்.

“ஐயோ தம்பி, இருக்கு. என்ன செய்யிறது?”

“பஸ்காரரிட்டக் குடுத்து விடுங்கோ. நாளையிண்டைக்கு விடிய இதே பஸ் வரும், காவற்கார ஐயா போய் எடுப்பார்.”

எழும்பி முன்னுக்குப் போய் நடத்துநரிடம் கொடுத்தேன். கட்டையைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தார். எந்த விடுதி என்று சொன்னேன்.

“அவையின்ர திறப்பு மாசத்துக்கு ரண்டு வருது” என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.