எண்ணெய்க்கடையும் வாட்ஸ்அப் பிசினஸும்: புழங்கிப் பார்த்தவன் சொல்வது

கருப்பட்டி வியாபாரம் தொடங்கப்போகும் நண்பன் போன வாரம் கேட்டான்: "கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் போதுமா? இல்ல, ஆளப் போட்டு ஃபேஸ்புக், இன்ஸ்டான்னு பண்ணணுமா?" பதில் சொல்லத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. இன்னொரு முறை தொண்டை தாங்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது காங்கேயத்தில் மரச்செக்கு. 2020 ஊரடங்கில் கடைக்கு ஆள் வராமல் போனபோது ஏற்றிய, கடைக்காரர்களுக்கான இந்த வாட்ஸ்அப் செயலி, இன்றுவரை அதே எண்ணில் ஓடுகிறது. பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கிக் காட்டும் கேட்டலாக், அரட்டைகளை வகை பிரிக்கும் லேபிள் எல்லாம் அதில் உண்டு. கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாமாம். என்னிடம் இருப்பது ஏழு. ஏழுக்கும் விலை போட்டிருக்கிறேன். விலை தெரிகிற அந்தப் படத்தையே திருப்பி அனுப்பி "இது எவ்வளவுங்க?" என்று கேட்பார்கள். அதற்குத்தான் சாய்கோடு (/) போட்டு 'விலை' என்று தட்டினால் முழுப் பட்டியலும் போய் விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு சாய்கோடுதான்.

வரவேற்புச் செய்தியில்தான் மானம் போனது. முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். எண்ணெய் வாங்குபவர் மாதம் ஒருமுறைதானே வருவார்? அப்பா காலத்திலிருந்து வாங்கும் ஒரு பெரியவருக்கு மாதாமாதம் "வணக்கம்! எங்கள் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை வரவேற்கிறோம்" என்று போயிருக்கிறது. நாலாவது மாதம் நேரிலேயே வந்துவிட்டார். "ஏந்தம்பி, என்னையத் தெரியாதா உனக்கு?" யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக்கூடாது என்று தேர்வு செய்யும் இடம் அதிலேயே இருந்தது. பார்க்காமல் விட்டவன் நான். அன்றே நிறுத்தினேன்.

சரி, இத்தனை வருடமாக உறுத்துவது வேறொன்று. எள் ஆட்டும் அன்று "இன்னும் நாலு நாளில் தெளிந்துவிடும், வேண்டியவர்கள் சொல்லுங்கள்" என்று பிராட்காஸ்ட் போடுவேன், அதாவது ஒரே செய்தியைப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புவேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், நான் 240 பேரைச் சேர்த்திருந்தேன். அனுப்பிய செய்தியை அழுத்திப் பார்த்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும். எண்ணினேன். 91 பேர். மற்றவர்கள் யாரும் என் எண்ணைத் தங்கள் போனில் சேமிக்கவில்லை. சேமிக்காதவருக்கு பிராட்காஸ்ட் போகாது. நியாயமான விதிதான், இல்லாவிட்டால் பிளாட் விற்பவர்கள் நம்மைத் தூங்க விடமாட்டார்கள். காசு கட்டி அனுப்பும் வழி தனியாக இருக்கிறது, அதில் சேமிக்காதவருக்கும் போகும். ஏழு பொருள் விற்பவனுக்கு எதற்கு அது?

ஆனால் ஐந்து வருடமாகக் கடை எண்ணெயில் தாளித்துச் சாப்பிடுகிறவர், என் எண்ணைச் சேமிக்க என்ன கஷ்டம்? கேன் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டினேன். பில் அடியில் முத்திரை குத்தினேன். கியூஆர் கோடு அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதில்தான் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கேன் செய்தவர்கள்தான் அதிகம்.

சேமித்தவர்கள் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்பது தற்செயலாகத் தெரிய வரும். "ரெண்டு லிட்டர்னுதானே சொன்னேன், பாருங்க" என்று நம்முடைய அரட்டையையே படம் பிடித்து நமக்கு அனுப்புவார்கள் இல்லையா? அதன் உச்சியில் நம் பெயர் இருக்கும். 'செக்கு அண்ணன்', 'தாராபுரம் ரோடு எண்ணெய்', ஒருவர் போனில் வெறும் 'ஆயில்'. பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் கடைப் பெயர் ஒன்றில்கூட இல்லை. முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது அந்தப் படங்களைத் தனியாக ஒரு ஆல்பத்தில் சேர்த்து வைக்கிறேன்.

நடுவில் ஒரு வருடம் ஒரு விளம்பர நிறுவனத்திடம் சமூக ஊடக வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். 'பிராண்டின் குரல்' என்றெல்லாம் பேசினார்கள். கிடைத்தது ஆடிப் பதினெட்டு வாழ்த்து, சுதந்திர தின வாழ்த்து, அன்னையர் தின வாழ்த்து. எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு பாட்டில், அதுவும் எங்கள் பாட்டில் இல்லை. கேட்டால் ரீச் ஏறுகிறது என்று ஒரு கோட்டைக் காட்டுவார்கள். அந்த வருடத்தில் இன்ஸ்டாவைப் பார்த்து வந்தேன் என்று சொன்ன ஒரே ஆள், வேலை கேட்டு வந்த பையன்.

ஆனால் ஒருநாள் சும்மா புண்ணாக்கு மூட்டையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். வெளிச்சம்கூடச் சரியில்லை, மூட்டைக்குப் பின்னால் என் செருப்பு தெரிகிறது. சாயங்காலத்துக்குள் ஒன்பது மூட்டையும் போய்விட்டது. எண்ணெய்ச் செய்தி எதற்கும் வாய் திறக்காத மாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஸ்டேட்டஸை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இப்போதெல்லாம் பிராட்காஸ்டைக் குறைத்துவிட்டு, ஆட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து வைத்துவிடுகிறேன். ஸ்டேட்டஸ் தெரியவும் இரண்டு பேர் போனிலும் எண் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

ஐந்துக்கு எத்தனை கொடுப்பாய் என்று நண்பன் கேட்டிருந்தான். நாலு என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு அக்கா "பணம் போட்டுட்டேன், பாருங்க தம்பி" என்று அரட்டையைப் படம் பிடித்து அனுப்பினார். உச்சியில் 'எண்ணெய்க்கடை பழசு' என்று இருந்தது. புதுசு யார் என்று நான் கேட்கவில்லை. ரெண்டு மார்க்தான். டேய், நீ இன்னைக்கே ஏத்திடு. அப்புறம், என் நம்பரை நீ என்ன பேர்ல வெச்சிருக்கன்னு ஒரு படம் எடுத்து அனுப்பு.