தானாக ரேஸ் ஆன டர்போ காரும் 900 ரூபாய் ஓ.பி.டி. அடாப்டரும்

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே, சிக்னலில் நிற்கும் வண்டி தானாக ரேஸ் ஆகத் தொடங்கினால் ஓட்டுபவருக்கு உண்டாகும் பதற்றம் கொஞ்சநஞ்சமன்று. என்னுடைய 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில், இன்ஜின் சூடான பிறகு 800 ஆர்.பி.எம். அளவில் நிற்க வேண்டிய ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகம்), சில நாட்களில் 1,300 வரை ஏறி, ஓரிரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் தானாகவே இறங்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அதே தொல்லை திரும்பியது. அடுத்த முறை போனபோது வண்டி அங்கே ஒழுங்காக ஓடியது, ஆனாலும் த்ராட்டில் பாடியையே மாற்றிவிடலாம் என்றார்கள். அந்தப் பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், காரின் கம்ப்யூட்டரில் உள்ள தகவல்களைப் போனில் காட்டும் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்றை, ஈ.எல்.எம். 327 என்ற சிப் வகையைச் சேர்ந்த புளூடூத் மாடலை, 900 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் இதைச் செருகி, ஆண்ட்ராய்டு போனில் டார்க் ப்ரோ செயலியோடு இணைக்க ஐந்து நிமிடம் ஆனது. பெரும்பாலோர் எரர் கோடு பார்ப்பதற்காகவே இதை வாங்குகிறார்கள். எனக்கோ கோடு எதுவும் இல்லை என்ற பதில்தான் வந்தது. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இந்தக் கருவி உதவுவது வேறொரு வழியில்: வண்டி ஓடும்போது சென்சார்கள் சொல்வதையெல்லாம் நொடிக்கு நொடி போனில் பதிந்து வைக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்ட முடியாத அந்த இரண்டு நிமிடத்தை, வீட்டில் உட்கார்ந்து வரைபடமாகப் பார்க்க முடிந்தது.

முதல் பதிவிலேயே சில சந்தேகங்கள் தீர்ந்தன. ஐடிலிங் ஏறிய நேரத்தில் கூலன்ட் 91 டிகிரி, சார்ஜிங் 14 வோல்ட், ஏ.சி. அணைந்திருந்தது, ஆகவே இன்ஜின் குளிர்ந்திருப்பதாக எண்ணியோ, பேட்டரிக்காகவோ இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரேஸைக் கூட்டவில்லை. அதைவிட முக்கியமாக, ஆர்.பி.எம். ஏறும்போது த்ராட்டில் திறக்கவில்லை, வழக்கத்தைவிட அதிகமாக மூடியிருந்தது. அதாவது இ.சி.யு. ரேஸைக் குறைக்கப் போராடிக்கொண்டிருந்தது. காற்று வேறு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. த்ராட்டிலைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தமும், குறைவதற்குப் பதிலாக, 36 கிலோ பாஸ்கலிலிருந்து 46-க்கு உயர்ந்து இதையே உறுதி செய்தது. மாற்றச் சொன்ன த்ராட்டில் பாடி குற்றமற்றது என்று தெரிந்த அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியாது.

எந்த வழி என்பதைக் காட்டியது ஃபியூயல் ட்ரிம், அதாவது பெட்ரோலின் அளவில் இ.சி.யு. அவ்வப்போது செய்யும் திருத்தம். என் காரில் காற்றை அளப்பது, மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் என்பதால், மேனிஃபோல்டில் கிழிந்த ஹோஸ் வழியாக வெறும் காற்று நுழைந்தாலும் அது கணக்கில் சேர்ந்துவிடும், திருத்தம் பெரிதாக மாறாது. காற்றின் ஓட்டத்தை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களில் நிலைமை வேறு. அங்கே அளவில் சேராத காற்று நுழைவதால் திருத்தம் கூட்டலில் போகும். என் பதிவிலோ அது மைனஸ் 12 சதவீதம் வரை இறங்கியிருந்தது. காற்றோடு பெட்ரோல் ஆவியும் சேர்ந்து வருகிறது என்பதே இதன் பொருள். டேங்கிலிருந்து வரும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்துவைத்து, இன்ஜினுக்குள் அளவாக விடுவது பர்ஜ் வால்வு. அந்த நேரத்தில் அதற்குப் போயிருந்த கட்டளையோ பூஜ்யம், அதாவது முழுதாக மூடு என்பது. பதிவுகளின் தேதிகளைப் பெட்ரோல் பில்களோடு வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை டேங்க் நிரப்பிய நாளிலோ மறுநாளிலோ வந்தவை.

அடுத்த முறை ரேஸ் ஏறியதும் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய இடுக்கியால் நசுக்கினேன். ஆர்.பி.எம். உடனே 820-க்கு இறங்கியது. விட்டதும் மீண்டும் ஏறியது. வால்வைக் கழற்றி வெள்ளைத் தாளின் மேல் தட்டியபோது, கடுகைவிடச் சிறிய கரித்துகள்கள் நான்கைந்து உதிர்ந்தன. மின்சாரம் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டிய அந்த வால்வில் ஒரு சிரிஞ்சை இணைத்து இழுத்தால், தடையே இல்லாமல் பிஸ்டன் வந்தது. துகள் சிக்கும் நாளில் கோளாறு வரும், விலகினால் போய்விடும். பங்கில் பெட்ரோல் ஊற்றும் குழாய் தானாக நின்ற பிறகும், பில்லை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றச் சம்மதிப்பது என் பழக்கம்; அப்படி வழிய நிரப்பினால் கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோலே புகுந்து கரியைக் கெடுக்கும். இப்போது அதை விட்டுவிட்டேன். வால்வோடு கேனிஸ்டரையும் மாற்றினேன். வால்வை மட்டும் மாற்றியிருந்தால் துகள்கள் மறுபடி வந்திருக்கும்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்தாறு அளவுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கேட்டால் ஒவ்வொன்றும் தாமதமாக வருவதால், வேண்டியதை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஐபோனுடன் இந்த மாடல் இணையாது. அட்டையில் வெர்ஷன் 1.5 என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூலச் சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. எனவே இது நகல்தான், இதே தோற்றத்தில் வரும் இன்னொன்று வேறு காரில் வேலை செய்யாமலும் போகலாம். திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது. சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருப்பதால், நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும்.

புது வால்வு போட்ட பிறகு மூன்று முறை டேங்க் நிரப்பி, ஒவ்வொரு முறையும் பதிவு எடுத்தேன். சூடான இன்ஜினில் ஐடிலிங் 850-ஐத் தாண்டவில்லை.