ஏழு முயல், ஒரு கினி பிக்: சத்துவாச்சாரி அக்கா வீட்டில் மூன்று மாதம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு அக்கா தன் வீட்டுப் பின்கட்டில் முயல்களையும், கொறிக்கும் இனத்தைச் சேர்ந்த வாலில்லாத சின்னப் பிராணிகளான கினி பிக்குகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஊருக்குப் போகிறவர்கள் நாள் கணக்கில் விட்டுவிட்டுப் போகலாம். வளர்க்க முடியாமல் போனவர்கள் ஒப்படைத்தால் வேறு நல்ல வீடு தேடிக் கொடுப்பார். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை எங்கள் வீட்டு எட்டு உயிர்கள் அவர் கை வழியாகத்தான் போயின. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் யாராவது இதே நிலையில் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன். பெயரும் தெருவும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். முன்பு யாரோ முகவரியைப் பரப்பியதில், இரண்டு முறை இரவில் அட்டைப் பெட்டியில் குட்டிகளைப் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதில் ஒரு இரவு மழை. அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் மூன்று பிழைக்கவில்லை. இந்தப் பக்கம் முயல் வளர்ப்பவர்கள் யாரிடம் விசாரித்தாலும் அவருடைய எண் கிடைக்கும், எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். பொங்கல் முடிந்த வாரம் மகள் கேட்டாள் என்று ஒரு கடையில் இரண்டு முயல் குட்டி வாங்கினோம். "ரெண்டும் பொட்டை, சண்டை போடாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளைக்குப் பஞ்சு, கறுப்புக்கு மிளகு என்று மகள் பெயர் வைத்தாள். அந்த வயதில் முயல் ஆணா பெண்ணா என்று சரியாகப் பார்க்கப் பழகிய கை வேண்டும், கடைகளில் பெரும்பாலும் உத்தேசமாகத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. 2018இல் வந்த விதிகளின்படி முயல், கினி பிக் விற்கும் கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் நான் கேட்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை பஞ்சு தன் மார்பு முடியைப் பிய்த்து மூலையில் மெத்தை மாதிரி குவித்திருந்தது. உள்ளே ரோமமே இல்லாமல், கண் திறக்காமல் ஐந்து குட்டிகள்.

அன்று மதியமே அக்காவுக்குப் போன் போட்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் "ஆணை வேற ரூமுக்கு மாத்திட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "போனை வெச்சிட்டு மொதல்ல அதைப் பண்ணுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். முயல் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும், 31 நாளில் அடுத்த ஈற்று வந்து நிற்கும். இதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். தாய் குட்டிகளிடம் போகவே இல்லையே, கைவிட்டுவிட்டதா என்று நான் பயந்தேன். முயல் ஒரு நாளைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை, சில நிமிடம் மட்டும்தான் பால் கொடுக்கும், காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தச் சொன்னார், எறும்பு ஏறாமல் இருக்க. இவ்வளவும் காசு வாங்காமல், நேரில் பார்க்காத ஒருத்திக்கு, போனிலேயே.

ஜூனில் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது, அங்கே கிடைத்த வாடகை வீட்டில் பிராணி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முயல்கள் ஏழு. போதாததற்கு மார்ச்சில் விடுதியைக் காலி செய்துகொண்டு போன ஒரு கல்லூரிப் பையன் தந்துவிட்டுப் போன கினி பிக் ஒன்று, பெயர் புட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று நினைத்துப் பேசினேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், அதற்கு முன் பிரித்தால் குடல் தாங்காது, பேதி வந்து போய்விடும் என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, வீட்டுச் சாமான் கட்டும் நேரத்தில் இது வேறா என்று. கடைசியில் தாயையும் குட்டிகளையும் ஒன்றாகவே தன் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் இதுதான் முக்கியம். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கத் தொடங்கிவிடும். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே கூண்டு வைத்து ஒரே மதியத்தில் முயலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அக்கா வைத்திருப்பது தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த பெரிய அறை. தரையில் அங்கங்கே கடப்பா கல் போட்டிருக்கிறார், முயல்கள் மதியம் அதன்மேல் வயிறு பட நீட்டிப் படுத்துக்கொள்கின்றன. ஜன்னலில் ஈரக் கோணி, ஃபிரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைத் துணி சுற்றி ஒவ்வொரு தடுப்பிலும் ஒன்று. கரண்ட் போனால் ஃபேனுக்கு இன்வெர்ட்டர். நான் மதியம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன், வெளியே ஆற்காடு ரோட்டில் நிற்க முடியவில்லை, உள்ளே ஒரு முயல்கூட மூச்சு வாங்கவில்லை.

தீனி விஷயத்தில் எனக்கிருந்த எண்ணம் முழுக்கத் தவறு என்று அங்கேதான் தெரிந்தது. நாங்கள் காலையும் மாலையும் கேரட், நடுவில் கடையில் வாங்கிய பெல்லட் (குச்சித் தீனி) என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்கும் கினி பிக்குக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நாரைக் கடித்து அரைத்தால்தான் தேயும், குடல் நகர்வதற்கும் அந்த நார்தான் வேண்டும். சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். நான் ஆன்லைனில் டிமோத்தி என்ற உலர்ந்த வெளிநாட்டுப் புல் கிலோ 700 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதைச் சொன்னபோது, "வாங்க முடிஞ்சா நல்லதுதான், முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று தன்னிடம் இருப்பதைக் காட்டினார். அருகம்புல்லைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார், மாட்டுக்காரர் ஒருவர் கோ-4 என்ற தீவனப் புல் கொண்டுவந்து போடுகிறார். மேலே கொத்தமல்லி, புதினா, கொஞ்சம் முருங்கைக் கீரை. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும்தான். வைக்கோல் படுக்கைக்கு, அதில் பெரிய சத்து இல்லை.

புட்டுவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முடி சொரசொரப்பாக இருந்தது, பின்கால் இழுத்து நடந்தது, தூக்கினால் கத்தியது. நான் குளிரோ அடியோ என்று நினைத்திருந்தேன். மனிதர்களைப் போலவே கினி பிக்குக்கும் உடம்பில் வைட்டமின் சி தானாக உண்டாகாது, தினமும் தீனியில் கிடைத்தாக வேண்டும், முயலுக்கு அந்தத் தேவை இல்லாததால் முயல் பெல்லட்டில் அது இருக்காது. மூன்று மாதமாக நாங்கள் அதற்கு முயல் பெல்லட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது, அது தினமும் வலியோடுதான் எங்களைப் பார்த்ததும் கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டிருக்கிறது. அக்கா டாக்டரைக் கேட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார், கூடவே குடைமிளகாய், கொய்யா. பத்து நாளில் ஓட ஆரம்பித்துவிட்டது. முயலோடு ஒரே கூண்டில் வைத்திருந்ததற்கும் திட்டு வாங்கினேன், முயல் ஒரு உதை விட்டால் கினி பிக்கின் எலும்பு உடையும், முயலின் மூக்கில் சாதாரணமாக இருக்கும் கிருமி கினி பிக்குக்கு நிமோனியாவாக மாறலாம்.

மருந்து விஷயத்தில் அவர் பஞ்சுவின் உயிரைக் காப்பாற்றினார் என்றே சொல்வேன். மே மாதம் பஞ்சுவுக்குத் தும்மல், ஒரு மருத்துவமனையில் காட்டினோம், நாய்க்கும் பூனைக்கும் பழகிய இடம், எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் சும்மா அக்காவிடம் சொன்னேன், போனிலேயே சத்தம் போட்டார். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலுக்கும் கினி பிக்குக்கும் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். அவருக்குத் தெரிந்த டாக்டர் வேறு மருந்து எழுதினார். முயல் வளர்ப்பவர்கள் இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி, முயல் 12 மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மிளகுக்கு விதை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்யாமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காரில் விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன் கொண்டுபோனோம். பட்டினி போட வேண்டாம், முயல் வாந்தி எடுக்காது, வயிறு காலியானால்தான் ஆபத்து என்று கைப்பிடி கொத்தமல்லி கட்டிக் கொடுத்து அனுப்பினார். சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு வாரம் பஞ்சுவிடம் விடவில்லை, அதுவரை விந்து மிச்சம் இருக்கலாம் என்பதால்.

இனி தத்துக் கொடுத்த விதம். பஞ்சு, மிளகு, ஐந்து குட்டிகள், புட்டு எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஜூலை நடுவில் நான் பொறுமை இழந்து, "அக்கா, கேக்குறவங்களுக்குக் குடுத்துடலாமே, நாலு பேர் கேட்டாங்களே" என்றேன். அதற்கு அவர் தன் நோட்டைத் திறந்து அந்த நாலு பேரைப் பற்றியும் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். ஒருவர் எடை மட்டும் மூன்று முறை கேட்டிருக்கிறார், கறிக்குத்தான். ஒருவர் வீடு மொட்டை மாடி ஷீட் கொட்டகை. ஒருவர் ஒற்றைக் குட்டி போதும், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றிருக்கிறார். நாலாமவர் தீபாவளிக்கு எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்குச் சிரித்துவிட்டாராம், பட்டாசுச் சத்தத்தில் பயந்தே முயல் செத்துப்போகலாம். அந்த நோட்டைப் பார்த்த பிறகு நான் அவசரப்படுத்தவில்லை. ஏற்றுக்கொள்கிறவரின் வீட்டுக்கு நேரில் போகிறார் அல்லது வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்கிறார், கரண்ட் வயர் எங்கே ஓடுகிறது, பரீட்சை நேரத்தில் கூண்டை யார் கழுவுவார்கள், முயல் எட்டுப் பத்து வருஷம் வாழுமே, அப்போது பிள்ளை கல்லூரிக்குப் போயிருப்பானே என்றெல்லாம் கேட்கிறார். முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்.

செலவு: முயலுக்கு நாளுக்கு 120 ரூபாய், கினி பிக்குக்கு 80. குட்டிகளைத் தாயோடு சேர்த்து ஒரே கணக்காகப் போட்டார். ஏற்றுக்கொள்கிறவர்களிடம் ஒன்றுக்கு 500 வாங்குகிறார், இலவசம் என்றால் யார் யாரோ வருவார்கள் என்பதற்காக.

குறைகளும் இருக்கின்றன. மதியம் இரண்டு முதல் நாலு வரைதான் போனை எடுப்பார், மற்ற நேரத்தில் செய்தி அனுப்பினாலும் மறுநாள்தான் பதில். ரசீது கிடையாது, கணக்கை நோட்டில் எழுதிப் போட்டோ அனுப்புவார். பேச்சு கறார், மகள் பெல்லட் போட்டதைச் சொன்னபோது அவளையும் கடிந்துகொண்டார், பதினொரு வயதுப் பெண் அழுதுவிட்டாள், அது தேவையில்லை என்று அவரிடமே சொன்னேன். முக்கியமான குறை, இரண்டு கூண்டில் அடித்தளம் கம்பி வலை, பாதிக்குத்தான் பலகை போட்டிருந்தார். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது மாதிரி மெத்தை கிடையாது, கம்பியில் நின்றால் புண் வரும். சொன்னதும் மாற்றுகிறேன் என்றார், ஆகஸ்டில் போனபோது ஒன்று மாறியிருந்தது, இன்னொன்று அப்படியே.

பஞ்சுவும் மிளகும் ஒன்றாக ராணிப்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில். குட்டிகளில் இரண்டு பெண் காந்தி நகரில் ஒரு வீட்டில், மூன்று ஆண்களும் விதை நீக்கிய பிறகுதான் கை மாறும் என்பதால் வீடு முடிவாகியும் அக்காவிடம் தனித்தனித் தடுப்பில். புட்டுவை ஒற்றையாகக் கொடுக்கவில்லை, கினி பிக் கூட்டமாக வாழும் பிராணி, சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒன்றை மட்டும் வளர்ப்பதற்குச் சட்டத்திலேயே இடமில்லை. அவரிடம் இருந்த இன்னொரு சின்ன ஆணோடு பதினைந்து நாள் பழக்கி, இரண்டையும் சேர்த்தே பாகாயத்தில் ஒரு நர்ஸ் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு வீடியோ வருகிறது. போன வாரம் வந்ததில் புட்டு கொய்யாத் துண்டுக்காக இரண்டு காலில் நின்றது, மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

போகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள், ஒரே நேரத்தில் 14 பிராணிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பிராணி பழகிய பழைய துணி ஒன்றும், இப்போது சாப்பிடும் தீனியில் ஒரு வாரத்துக்கு உள்ளதும் கொண்டுபோங்கள், தீனியைச் சட்டென்று மாற்றக் கூடாது. வளர்க்க வேண்டும் என்று இருப்பவர்களுக்கு, இப்போது அவரிடம் இரண்டு பெண் கினி பிக் இருக்கின்றன, சேர்த்துத்தான் தருவார்.