விடுதியை விட்டு வந்த தம்பிக்கு எது சரி: தோட்டத்து வீடா, குழு வீடா?

என் தம்பிக்கு 37 வயது ஆகப்போகிறது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. 19 வயதில் ஒரு பெரிய விடுதியில் சேர்த்தோம், 16 வருஷம் அங்கேயே இருந்தான். அங்கே ஆட்களைக் குறைக்கப்போகிறோம், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னபோது எங்களுக்கு மூன்று வழி இருந்தது. இன்னொரு பெரிய விடுதி பார்க்கலாம். கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா இருக்கும் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டி வரலாம். அல்லது நாலு பேர் சேர்ந்து உதவியாளர்களோடு இருக்கும் வாடகை வீட்டில் சேர்க்கலாம். முதலில் அம்மாவிடம் ஏழு மாதம் வைத்திருந்தோம். அதன்பின் குழு வீட்டுக்கு மாற்றி 14 மாதம் ஆகிறது. நான் குழு வீட்டின் பக்கம்தான். ஏன் என்பதையும், எங்கே இடிக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.

விடுதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பாடு, மாதம் ஒரு தடவை டாக்டர், சுத்தமான தரை. அடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது பேருக்கு ஒரே மணி. சட்டைக் காலரில் மையால் எழுதிய எண். வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா அரிசிம்பருப்பு சாதம் போட்டு வைத்தார். தம்பி இடது கையால் தட்டைச் சுற்றி வளைத்து, தலையைத் தாழ்த்தி, யாரும் பறிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் அள்ளிச் சாப்பிட்டான். தின்று முடித்ததும் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். கழுவுவதற்கு வரிசை வரும் என்று காத்திருக்கிறான் என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. இன்னொரு விடுதி தேடுவதை அன்றைக்கே விட்டுவிட்டோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவும், சமூகத்தோடு வாழ்வது இவர்களுடைய உரிமை, குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

ஆக, போட்டி தோட்டத்து வீட்டுக்கும் குழு வீட்டுக்கும்தான். பாசத்தில் அம்மாவின் வீட்டுக்கு ஈடு கிடையாது. வாடகையும் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. ராத்திரி வலிப்பு வந்தால் தெரிய வேண்டும் என்று தம்பியின் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தூங்குவார். ஐந்தாம் மாதம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பத்து நாளைக்கு ஆள் தேடி அலைந்தோம். சின்னம்மா இரண்டு நாள் வந்தார், நான் பள்ளிக்கு லீவு போட்டேன், மீதி நாளுக்கு யாருமில்லை. அந்தப் பத்து நாளில்தான் எல்லாக் கணக்கும் எனக்குப் புரிந்தது.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒரு ஆள் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், கல்யாணம், காரியம் எல்லாம் சேர்த்தால் நாலு பேர். இது என் தம்பி ஒருவனுக்கே வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும்போது அந்த நாலு பேர் வேலையையும் ஒரு அம்மா சம்பளமில்லாமல் செய்கிறார், அவ்வளவுதான். அவர் விழுந்தால் 168 மணி நேரமும் சேர்ந்து விழுகிறது. விடுதியில் ஆள் இருக்கிறார், ஆனால் ஒரே ராத்திரியில் அறுபது பேருக்குப் பங்கு போடப்பட்டு என் தம்பிக்கு நிமிஷக் கணக்கில்தான் கிடைக்கிறார். குழு வீட்டில் அதே 168 மணி நேரத்தை நாலு குடும்பம் பங்கிட்டுக்கொள்கிறது.

ரூபாயில் சொல்கிறேன். எங்கள் குழு வீட்டில் நாலு உதவியாளர், ஆளுக்கு 15,000 வீதம் 60,000. வாடகை 11,000. மளிகை, காய், கேஸ், கரண்ட், மருந்து 25,000. மொத்தம் 96,000, தலைக்கு 24,000. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மீதியை மூன்று குடும்பங்கள் போடுகின்றன. நாலாமவருக்கு உறவென்று யாருமில்லை, அவர் பங்கை ஓர் அறக்கட்டளை ஏற்றிருக்கிறது. அப்படி ஏற்க ஆளில்லாதவர்கள் விடுதியை விட்டு எப்படி வெளியே வருவார்கள்? 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இல்லங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. ஆள் வெளியே வரும்போது அந்தப் பணமும் அவர் பின்னால் வர வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். நியூயார்க்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்திருந்த வில்லோபுரூக் விடுதியின் அவலம் 1972இல் தொலைக்காட்சியில் வெளியானது, அதை முழுசாக மூட 1987 வரை ஆனது. விடுதிகளுக்கே போய்க்கொண்டிருந்த மெடிக்கெய்டு (அரசின் மருத்துவ உதவித் திட்டம்) பணத்தை, வீட்டிலும் ஊருக்குள்ளும் கிடைக்கும் உதவிக்கும் செலவிடலாம் என்று 1981இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் அங்கே பெரிய தலைவலி, பார்த்துக்கொள்ள வரும் ஆட்கள் நிலைத்து நிற்காததுதான்.

இங்கேயும் அதேதான். எங்கள் பக்கத்தில் ஊருக்குள்ளேயே பனியன் கம்பெனி பஸ் வந்து ஆளேற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகிறது. முதல் வருஷத்திலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒரு பையன் என்னிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “அக்கா, இங்க ராத்திரியெல்லாம் முழிக்கோணும். அங்க ஓவர்டைம் தர்றாங்கங்க.” அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆள் மாறுவதன் விலை தம்பியின் தட்டில் தெரிந்தது. குழு வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் இடது கை தட்டைவிட்டு இறங்கி மடியில் இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கு அப்பளம் நீட்டினான். அந்தப் பையன் போய்ப் புது ஆள் வந்த அன்று கை திரும்ப வளைந்துகொண்டது. இரண்டாவது ஆள் மாறியபோதும் அப்படியே. ஆள் நின்றால் கை இறங்குகிறது.

அதனால் இப்படி வீடுகளைத் திட்டமிடுபவர்கள் கட்டடத்தைவிட முதலில் உதவியாளரின் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். மில்லுக்கு ஈடான சம்பளம், பி.எஃப்., பயிற்சி, ராத்திரிப் படி. அடுத்தது மாற்று ஆள். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாது. கோபி, சத்தி, பவானி என்று நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக இரண்டு மாற்று ஆட்கள் இருந்தால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வழியாக அந்தப் பட்டியலை அரசே பராமரிக்கலாம்.

எங்கள் அனுபவம் சின்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நால்வரும் நடக்கக்கூடியவர்கள், நால்வரும் ஆண்கள். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு நாலு ஆள் கணக்கு பத்தாது. பெண்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு வேறு விதமாக யோசிக்க வேண்டும். வீட்டில் தாங்க இரண்டு மூன்று பேர் இருக்கிற கூட்டுக் குடும்பமாக இருந்தால் தோட்டத்து வீடே நல்லது என்றுகூடச் சொல்வேன். எங்களுக்கு அது அமையவில்லை.

எந்த வழி எடுத்தாலும் காகிதத்தை முதலில் முடித்துவிடுங்கள். 18 வயது தாண்டியவருக்குப் பெற்றோரே ஆனாலும், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உள்ளூர்க் குழுவில் மனுப் போட்டுத்தான் சட்டப் பாதுகாவலர் ஆக முடியும். அதே தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

போன பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு (தீமிதி) நாலு உதவியாளரும் ஒரே நாளில் லீவு கேட்டார்கள். நானும் இன்னொரு பையனின் அப்பாவும் போய் ராத்திரி படுத்தோம். அப்புறம்தான் பக்கத்து வீதியில் மில் வேலையிலிருந்து நின்ற அண்ணன் ஒருவரை மாதம் எட்டு நாளுக்கு ஐந்தாவது ஆளாகப் பேசி வைத்தோம். சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: ‘வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. சாவி கொடுக்காதே. மணி பார். 5 நிமிஷம் தாண்டினால் 108.’ அவர் வந்த முதல் ராத்திரி அதை மூன்று தரம் படித்துவிட்டு, தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். வருகிற குண்டத்துக்கான லீவுப் பட்டியலை இப்போதே எழுதி அந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியாகிவிட்டது.